தானே உயரும் கை

தலைவியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வெளியே ஒன்று பேசி உள்ளே ஒன்று வைத்திருந்தவர் என்று அவரை நினைத்துவிடுவீர்கள். அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தால் வருகிற ஊர் அது. பேர் வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் பால்வாடி டீச்சராக அங்கே போனேன். பி.யு.சி. முடித்த சூடு ஆறாத வயது. ஒரே மாதத்தில் ஊரையே புரட்டிப் போட்டுவிடலாம் என்று நம்பிக்கொண்டு போனவளுக்கு, எனக்கு முன்னாலேயே பாதியைப் புரட்டி வைத்திருந்த ஒருத்தர் கிடைத்தார். மாதர் சங்கத் தலைவி. பேர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. புருஷன்கூட வெளியாட்களிடம் "தலைவி கீறாங்க, கேட்டுக்குங்க" என்பார், பாதி கிண்டலாக, பாதி மரியாதையாக.

நிலபுலன் உள்ள குடும்பம். பால்வாடிக் கட்டடம் ஊருக்குள்ளேதான் வரவேண்டும் என்று கொழுந்தனார் ஒற்றைக் காலில் நின்றாராம். தலைவியம்மா ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்த தன் சொந்தக் கொல்லையிலிருந்தே இடம் எழுதிக் கொடுத்தார். "காலனி புள்ளைங்க ஊருக்குள்ள வரமாட்டேங்குது, ஊர் புள்ளைங்க காலனிக்குப் போவமாட்டேங்குது. நடுவுல வெச்சா எங்க ஓடும்?" என்பார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கொழுந்தனார் ஒரு வருஷம் பேசவில்லை. அதற்கும் சிரிப்பார். "பேஜாரு வுட்டுது!"

அவர் வாயில் அடிக்கடி வருவது ஒன்றுதான். "எங்கிட்ட அதெல்லாம் கெடியாது டீச்சர்." சொல்லும்போது கண் தெளிவாக இருக்கும். குழந்தை கண் மாதிரி.

நான் போன சமயம் பால்வாடியில் சமையலுக்கு ஆள் இல்லை. இருந்தவள் கல்யாணமாகிப் பழையசீவரம் பக்கம் போய்விட்டாள். கோதுமை ரவை உப்புமாவை நான் கிண்டுவேன். பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சியதும் தலைவியம்மா வருவார். தானே கரண்டியால் மொண்டு ஒவ்வொரு தம்ளராக ஊற்றுவார்.

அங்கேதான் அந்த நுரைச் சண்டை.

ஊர்ப் பிள்ளைகளில் ஒரு பொடியன் தினமும் அழுவான். "எனுக்கு நொர வரல! அதுக்கு மட்டும் நொர கீது!" எதிரே இருக்கும் காலனிப் பெண்ணின் தம்ளரைக் காட்டுவான். உண்மைதான். அவள் தம்ளரில் பால் நுரைத்துக்கொண்டு விளிம்புவரை நிற்கும். இவனுடையதில் சப்பென்று கிடக்கும். தலைவியம்மாவுக்கு ஆச்சரியம். "எல்லாருக்கும் ஒண்ணாத்தானே ஊத்தறேன்? இன்னாடா இது, பாலுக்கே கண்ணு கீது!" அந்தப் பெண் வள்ளி, பால் மீசையோடு பெருமையாகச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். இருக்கிறதுலேயே நல்ல பால் அவளுக்குத்தான் போகிறது என்று நினைத்தேன்.

வள்ளியின் அம்மா அஞ்சலை. புருஷன் செத்துப்போன பிறகு நடவு, களையெடுப்பு என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தாள். அந்த வருஷம் ஏரி நிரம்பவில்லை. வயல் வேலை இல்லை. சமையல் வேலையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லித் தலைவியம்மாவிடம் கேட்டிருந்தாள். கொடுக்காவிட்டால் பாலாற்றுப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகவேண்டியதுதான். சூளைக்குப் போனால் வள்ளியும் போவாள். போன பிள்ளைகள் கல் சுமந்துகொண்டு அங்கேயே வளரும், திரும்பி வராது. இது எல்லோருக்கும் தெரியும். தலைவியம்மாவுக்கும் தெரியும்.

"அஞ்சல நல்லவதான்," என்பார் என்னிடம். "ஆனா பாரு, பால்வாடின்னா ஒரு பொறுப்பு கீது. யோசிக்கலாம்."

இன்னொரு நாள், "கொஞ்சம் மந்தமாட்டம் கீறா."

அஞ்சலை மந்தமே இல்லை. பேசுகிற வேகத்துக்கு நான் காது கொடுக்கவே திணறுவேன். இன்னொரு நாள், "அவளுக்கு இம்மாம் பேருக்கு ஆக்கிப் பழக்கமில்ல." சங்கத்தில் வேறு ஒருத்தியிடம் அந்த வேலையை அவரே கொண்டுபோய் நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். அவளுக்குச் சமைக்கவே தெரியாது. அது ஏனோ தலைவியம்மாவுக்கு ஒரு குறையாகப் படவில்லை.

ஒரு உச்சி வேளை. வெயில் கொட்டுகிற நேரம். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் தின்பண்ட டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். தலைவியம்மா வந்தார். "பின்னால இன்னா சத்தம்? தூங்கலியா?" இருவரும் கட்டடத்துக்குப் பின்னால் போனோம்.

தூங்காத ஏழெட்டு உருப்படிகள் மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முன்னால் வள்ளி. தோளில் என் துண்டு, முந்தானை மாதிரி. இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அது தலைவியம்மாவின் நடை. "ஓரியாட்டம் பண்ணாம ஒக்காருங்க! எங்கிட்ட அதெல்லாம் கெடியாது!" அது தலைவியம்மாவின் குரல். குரல் என்றால் குரலேதான். தலைவியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ, கழுத! அப்டியே நானு!"

வள்ளி கொட்டாங்கச்சியில் மணலை மொண்டாள். முதல் பையனின் தகர டப்பாவில் ஊற்றினாள். கொட்டாங்கச்சி டப்பாவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுத்தது காலனிப் பெண். வள்ளியின் கை உயர்ந்தது. ஒரு முழம். மணல் நீளமான கம்பியாக இறங்கியது. கீழே இருந்த பெண், சொல்லாமலேயே, டப்பாவைத் தரையோடு தாழ்த்திப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அடுத்தது ஊர்ப் பையன். கை இறங்கியது. அடுத்தது காலனி. உயர்ந்தது. இறங்கியது. உயர்ந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

காற்று இல்லை. பனைமரத்தில் ஓலைகூட அசையவில்லை. மணல் விழுகிற சத்தம் மட்டும்.

தலைவியம்மாவின் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அவர் முன்னால் போனார்.

"வள்ளி. ஏன்டி கையத் தூக்கற?"

"அப்டித்தான் ஊத்தணும்."

"யாருக்கு?"

வள்ளி சந்தேகமே இல்லாமல் காட்டினாள். "இவளுக்கு. அதோ, இவனுக்கு. இதுங்கல்லாம் காலனி."

"நீயும் காலனிதானடி?"

வள்ளி துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் இப்ப தலைவிம்மா," என்றாள்.

அன்று மாலைப் பால் ஊற்றும்போது தலைவியம்மா என்னை எதிரே நிற்கச் சொன்னார். "நீ என் மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு." ஊற்றிக்கொண்டே போனார். நான் பார்த்தேன். வள்ளி செய்தது அச்சு அசலாக அதுவேதான். கரண்டி ஊர்ப் பிள்ளையின் தம்ளரில் உட்கார்ந்தது. காலனிப் பிள்ளையின் தம்ளருக்கு மேலே எழும்பி நின்றது. நுரை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

"ஏறிச்சா?"

"ஏறிச்சும்மா."

"எனுக்குத் தெரியலியே." கரண்டியைப் பிடித்த கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிக்கவும் இல்ல. கனக்கவும் இல்ல. ஏறினது தெரியவே இல்ல டீச்சர்."

மறுநாள் கையையே பார்த்துக்கொண்டு ஊற்றினார். பார்க்கிறவரை தாழ்ந்திருந்தது. யாரோ வாசலில் கூப்பிட, தலையைத் திருப்பினார். அந்த நேரம் பார்த்து, மெதுவாக, படுத்திருந்த பாம்பு தலையை எடுக்கிற மாதிரி, மணிக்கட்டு எழும்பியது. நான் "அம்மா!" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தபோது கை அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. கரண்டி நழுவி விழுந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கையை அவர் 'இது' என்றுதான் சொன்னார். "இது இன்னிக்கு சும்மா கீது." "இத நம்ப முடியல." பேசிக்கொண்டிருக்கும்போது முந்தானைக்குள் மூடி வைத்துக்கொள்வார். ஒருநாள் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "இப்டி வளைஞ்சி ஏறுது பாரு, இது எங்கம்மா கை. எங்கம்மா செத்து எத்தினி வருசம் ஆச்சி! களத்துல காலனி ஆளுங்களுக்குக் கூழு ஊத்துவா. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருப்பேன். ஒரு நாள்கூட எனுக்குச் சொல்லிக் குடுக்கல. இது தானே பாத்துக் கத்துக்கிச்சி."

கண் திறந்துவிட்டது என்பார்களே, அது சந்தோஷமான விஷயம் என்றுதான் நான் படித்திருந்தேன். தலைவியம்மாவுக்குத் திறந்த கண்ணை மூட முடியவில்லை. மளிகைச் சாமான் வாங்க ரெண்டு பேரும் உத்திரமேரூர் போனோம். பஸ்ஸில் என் தோளை இறுக்கிப் பிடித்தார். "அதோ." கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். சிலருடைய விரலில் வைத்தார். சிலருக்கு விரல் படாமல் மேலேயிருந்து விட்டார். யாருக்கு எது என்று அவர் யோசிக்கவில்லை. யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். கடைத்தெருவில் வெல்லக் கடைக்காரர் கை. டீக்கடையில் கிளாஸ் வைக்கிற கை. "அதோ. அதோ." வளைகிற மணிக்கட்டு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. ஊரில் இத்தனை பேர் இல்லை, ஒரே ஒரு கைதான் ஆள் மாற்றி ஆள் மாற்றிப் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. திரும்பி வரும்போது தலைவியம்மா என் கையைப் பார்த்தார். நான் அதைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவர் புருஷனுக்கு விஷயம் வேறு மாதிரி புரிந்தது. பெண்டாட்டி சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையோடு பேசுகிறாள். செத்துப்போன தன் அம்மாவைப் பற்றியே சொல்கிறாள். வேறென்ன? ஊரே சொல்லிவிட்டது. தலைவிக்குக் கையில் பேய் பிடித்திருக்கிறது. உச்சி வேளையில் பனைமரத்துப் பக்கம் போனாளாம்.

ஏரிக்கரை அம்மன் கோயில் பூசாரியைப் புருஷன் காலையிலேயே அழைத்து வந்துவிட்டார். நான் போனபோது வாசலில் கூட்டம். நடுவில் தலைவியம்மா சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையை நீட்டி வைத்திருந்தார், டாக்டருக்குக் காட்டுகிற மாதிரி.

பூசாரி வேப்பிலையால் கையைத் தட்டினார். "யாரு நீ? எங்கருந்து வந்த?"

"எங்கம்மா வூட்லருந்து வந்தேன்," என்றார் தலைவியம்மா. கத்தவில்லை, ஆடவில்லை. கடையில் சாமான் கேட்கிற குரல்.

கூட்டம் பின்வாங்கியது.

"எத்தினி நாளா இவ கையில கீற?"

"இவ பொறந்ததுலருந்து."

"இன்னா வேணும் உனுக்கு? கோழியா? பொடவையா? சொல்லு, குடுத்துட்றோம்!"

தலைவியம்மா கையை உற்றுப் பார்த்தார். அது என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்கிறவர் மாதிரி இருந்தது. "ஒண்ணும் வேணாமாம்," என்றார். "யாரும் அதப் பாக்காம இருந்தா போதுமாம்."

பூசாரியின் வேப்பிலை நின்றுவிட்டது. சமாளித்துக்கொண்டு விபூதி எடுத்தார். கூட்டத்துக்கெல்லாம் கொடுத்துக்கொண்டு வந்தார். ஊர்ப் பெண்களின் உள்ளங்கையில் அழுத்தி வைத்தார்.

வாசலுக்கு வெளியே, தெருவில், அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். பூசாரி அவளுக்கும் கொடுத்தார். மறக்கவில்லை, முறைக்கவில்லை, "நல்லா இரும்மா" என்றுகூடச் சொன்னார். கை மட்டும் உயர்ந்தது. விபூதி புகை மாதிரி இறங்கியது. பாதி காற்றில் போயிற்று. அஞ்சலை ரெண்டு கையையும் சேர்த்து, தாழ்த்தி, மிச்சத்தைப் பிடித்தாள்.

"சாமி," என்றார் தலைவியம்மா. "அது உன் கையிலயும் கீது."

பூசாரி தன் கையைப் பார்த்தார். பிறகு யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு, தட்சிணைகூட வாங்காமல் கிளம்பிவிட்டார். புருஷன் "சாமி! சாமி!" என்று பின்னாலேயே ஓடினார்.

கூட்டம் கலைந்த பிறகும் அஞ்சலை போகவில்லை. "தலைவிம்மா, ஒடம்பு சொகமில்லாதப்ப கேக்கறனேன்னு கோச்சிக்காதீங்க. வெள்ளிக்கெயம சூளை மேஸ்திரி லாரி எடுத்துக்கினு வரான். போறவங்க மூட்ட கட்டிக்கினு நிக்கணுமாம். ஆவும், ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா மூட்டயக் கட்டறதா, அவுக்கறதான்னு பாப்பேன்."

"யோசிக்க..." என்று ஆரம்பித்தார் தலைவியம்மா.

அப்படியே நின்றுவிட்டார். இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். கண் பெரிதாக விரிந்தது. வள்ளி மணல் ஊற்றியதைப் பார்த்தபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு பயம் இல்லை.

"டீச்சர்," என்றார் விரல்களுக்கு நடுவிலிருந்து. "கை ஏறினா கண்ணுக்குத் தெரியுது. வாய்க்குள்ள ஏறினத எப்டிப் பாக்கறது? மந்தம்னு சொன்னனே. பொறுப்புன்னு சொன்னனே. அத நான் சொல்லல. இதான் சொல்லியிருக்குது. நான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அஞ்சலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப ஆவாதாம்மா?" என்றாள்.

"நாளைக்கு சங்கம் கூட்டறேன். நீயும் வா. தெருவுல நிக்காத, உள்ள வா."

சங்கம் பால்வாடியிலேயே கூடியது. பெண்கள் சீக்கிரமே வந்தார்கள். பேய் பிடித்தவளைப் பார்க்க வந்த கூட்டம் அது. அஞ்சலை உள்ளே வந்து, கதவை ஒட்டி உட்கார்ந்தாள். தலைவியம்மா விஷயத்தைச் சொன்னதும் சலசலப்பு.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. எங்க புள்ளைங்க வவுத்துக்கு ஒத்துக்காது."

"நேத்து வரைக்கும் நீதானே மந்தம்னு சொன்ன?"

"சொன்னேன்," என்றார் தலைவியம்மா. "எனுக்குப் புடிச்சிக்கினு கீதுன்னு ஊரே பேசுது. மெய்தான். இந்தக் கை நான் சொல்றத கேக்கறதில்ல. இந்த வாயும் அப்டித்தான். அதனால நான் அஞ்சலயப் பத்தி சொன்னது ஒண்ணுத்தயும் நீங்க நம்பாதீங்க. நானே நம்பல. அவ ஆக்குவாளா, மாட்டாளா, அத மட்டும் பாருங்க. ஆனா ஒண்ணு. இது எனுக்கு மட்டும் இல்ல. பூசாரி கையில பாத்தேன். கண்டக்டரு கையில பாத்தேன். உங்க கையிலயும் கீது. நீங்க பாக்காத நேரத்துல ஏறும்."

பெண்களில் ஒருத்தி மெல்லத் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்துத் தன்னுடையதையும் இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சலைக்கு வேல குடுக்க வேணாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க," என்றார் தலைவியம்மா.

ஒரு கைகூட உயரவில்லை. சம்மதம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எனக்குத் தெரியும். எல்லோரும் தலையைக் குனிந்து மடியில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசைகிறதா என்று.

தீர்மானம் அப்படித்தான் நிறைவேறியது. வெள்ளிக்கிழமை லாரி வந்தது, போயிற்று. அஞ்சலை திங்கட்கிழமை விடியும்போதே வந்து அடுப்பு மூட்டினாள். கடுகு தாளித்த வாசம் ஏரிக்கரை வரைக்கும் போயிருக்கும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் வரிசையில் பாதி இல்லை. ஊர்ப் பிள்ளைகளில் நிறையப் பேரை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த நுரைப் பொடியன் மட்டும் எப்படியோ தப்பித்து வந்திருந்தான்.

தலைவியம்மா வந்தார். காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அங்கே, பிள்ளைகளுக்கு நடுவில், மடக்க முடியாத காலை மடக்கி உட்கார்ந்தார்.

அஞ்சலை ஒவ்வொரு தட்டாகப் போட்டுக்கொண்டு வந்தாள். வேகமான கை. சிந்தாத கை. தலைவியம்மா முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். உப்புமாச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எட்டி நின்றபடியே கரண்டியை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். உடம்பெல்லாம் முன்னால் சாய்ந்தது, கால் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கிட்ட வா, அஞ்சல."

"வரேம்மா." வியர்த்துக் கொட்டியது அவளுக்கு. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். யாரோ தரையோடு சேர்த்து அறைந்துவிட்ட மாதிரி இருந்தன. "வரலாம்னுதாம்மா பாக்கறேன். கால் வரமாட்டேங்குது."

பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தலைவியம்மா அந்தக் கால்களை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை, தெரிந்த ஒருவரைத் தெருவில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. "உனுக்கு அங்க கீதா," என்றார் மெதுவாக. "செரி. நீ மத்தவங்களுக்குப் போடு. வரப்ப வா. நான் எங்கயும் போவல."

அஞ்சலை அடுத்த தட்டுக்குப் போனாள். வரிசை முடிந்தது. பிள்ளைகள் கை கழுவப் போனார்கள். தலைவியம்மா காலித் தட்டோடு உட்கார்ந்தே இருந்தார். சட்டியில் உப்புமா ஆறிக்கொண்டிருந்தது. அஞ்சலை அடுப்போரமாக நின்று ஒரு அடி எடுத்து வைத்தாள், திரும்பப் போனாள்.

என்னால் தாங்க முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம் என்று கரண்டியை எடுக்கப் போனேன்.

"நீ ஒக்காரு டீச்சர்," என்றார் தலைவியம்மா. "அது அவ வேல."